நான் விழுங்கிய நீண்ட சொற்கள்

அன்பு மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. நீ பிறப்பாயா, பிறந்தாலும் மகனாகத்தான் பிறப்பாயா என்றுகூடத் தெரியாது. தமிழ் டீச்சர் நேற்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். வளர்ந்து வேலைக்குப் புறப்படும் மகனுக்குத் தாயோ தந்தையோ அறிவுரை சொல்லி எழுதும் கடிதம், ஒரு பக்கத்துக்கு மிகாமல். அதை இன்று சாயங்காலமே எழுதி முடித்துவிட்டேன். நேரம் தவறாதே, கெட்ட சகவாசம் வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள். ஐந்து மதிப்பெண்ணில் நான்கு கிடைக்கும். நோட்டை மூடிய பிறகுதான், உண்மையிலேயே எனக்கு ஒரு மகன் இருந்தால் அவனிடம் இன்று என்ன சொல்வேன் என்று தோன்றியது. அதனால் இந்த இரண்டாவது கடிதம். இதை டீச்சரிடம் கொடுக்க முடியாது. அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் அவளுடைய போனின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாததால் உன்னிடம் சொல்கிறேன். நீ இதை வாசிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். அதனால் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாங்கள் இருப்பது மூணாறுக்கு மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில். ஆறு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் லயம். நடுவில் சுவர்தான் உண்டு, ஆனால் கூரை ஒன்றே. நாலாவது வீட்டில் இருமினால் ஒன்றாவது வீட்டில் கேட்கும். உன் தாத்தா, என் அப்பா, மறையூரில் கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் பிடிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நானும் அம்மாவும்தான். ஆறு வீட்டிலும் பெண்கள் கொழுந்து பறிக்கிறவர்கள், நாலாவது ஐந்தாவது வரை படித்தவர்கள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் வரும் தாள்கள் தமிழில் வருவதில்லை. பஞ்சாயத்திலிருந்து மலையாளத்தில் வரும், ஆபீசிலிருந்து இங்கிலீஷில் வரும். நான் எட்டாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவையெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. பெண்கள் செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல், தாளை மாராப்புக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் வாசிக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். எனக்குப் பால் விடாத ஒரு கட்டஞ்சாயா கிடைக்கும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஆறு பெரிய மனுஷிகள் வாய் மூடிக் காத்திருப்பது எவ்வளவு பெரிய மயக்கம் என்று உனக்கும் ஒருநாள் தெரியும். அப்போது பயப்படு. நான் பயப்படவில்லை.

போன மாதம் வரை எனக்கு இங்கிலீஷில் நீண்ட சொற்கள் வாசிக்க வராது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ப்ளஸ் ஒன்னில் சயன்ஸ் எடுத்ததும் எல்லாம் இங்கிலீஷ் ஆகிவிட்டது. ஐந்தாறு எழுத்துள்ள சொல் என்றால் ஒரே பார்வையில் முகத்தை அடையாளம் கண்டுகொள்வேன். அதற்கு மேல் போனால் எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி நகரும். முதல் இரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்து எதையோ ஊகிப்பேன். பாட்டனி வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னால், நீண்ட சொல் வரும் இடத்தில் இருமுவேன். இருமல் முடிந்து அடுத்த சொல்லில் தொடங்குவேன். ஒருமுறை ஒரே பத்தியில் ஏழு முறை இருமினேன். டீச்சர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். பக்கத்தில் உட்காரும் ஜின்சி, "சாரமில்லடி, உட்காரு" என்று மலையாளமும் தமிழும் கலந்து, பரவாயில்லை என்கிற மாதிரி சொல்லி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் நல்லவள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். என் இருமலைப் பார்த்து அவள் வீட்டிலிருந்து மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லாத இருமலுக்கு அதைக் குடித்தேன். லயத்தில் இருமத் தேவையில்லை. அங்கே நான் வாசிப்பது சரியா என்று பார்க்க ஆள் இல்லை. சின்னச் சொற்களைப் பொறுக்கி எடுத்து, பெரியவற்றை விழுங்கிவிட்டு, நடுவில் இருந்த ஓட்டைகளை என் யோசனையால் அடைத்துத் தமிழில் சொல்வேன். மூன்று வருடத்தில் ஒன்றும் தப்பாகவில்லை. எங்களுக்கு வந்த தாள்களில் பெரிய விஷயம் எதுவும் இல்லாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

இந்த மழைக்கு லயத்தின் கூரை பல இடங்களில் விட்டுவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் சொட்டும். பேச்சியம்மா அத்தை வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே. அத்தை எங்களுக்கு உறவில்லை, ஆனால் பக்கத்து வீட்டில் இருபது வருடமாக இருக்கிறாள். அம்மாவும் அத்தையும் மாரியக்காவும் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் சேர்ந்து கூரையை மாற்றித் தரும்படி ஆபீசில் கேட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் ரைட்டர், அதாவது ஆபீசில் கணக்கெழுதுகிறவர், ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தனுப்பினார். இங்கிலீஷ். வீட்டில் படித்த பிள்ளையிடம் காட்டி, சம்மதமென்றால் ஒப்புப் போட்டுக் கொடுங்கள், கொடுத்த பிறகு மனம் மாறினாலும் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பித் தருவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை, மகனே. அவர் சரியாகத்தான் சொன்னார். படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது என்று நம்பினார்.

வராந்தாவில் உட்கார்ந்து வாசித்தேன். வீடு என்ற சொல் தெரிந்தது. கம்பெனி தெரிந்தது. ரிப்பேர் தெரிந்தது, அது இரண்டு முறை வந்திருந்தது. மாதம் தெரிந்தது. நடுவில் நான்கைந்து நீண்ட சொற்கள் சாலையை மறித்து நிற்கும் காட்டுமாடு மாதிரி நின்றன. நான் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

"கூர மாத்தித் தாராங்களாம். அதுக்கு நம்ம சம்மதம் கேக்காங்க" என்றேன்.

"என் வீட்டு ஓட்டய அடைக்க எங்கிட்ட சம்மதமா?" என்றாள் பேச்சியம்மா அத்தை. "என் கல்யாணத்துக்கே என்னய யாரும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். மாரியக்கா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டு எழுதியிருக்கான், நீ ரெண்டு வரியில சொல்லுத. வேற ஒண்ணும் இல்லயா?"

அந்த இடம்தான். அங்கே நான் நின்றிருக்கலாம். இருக்கிறது அக்கா, ஆனால் எனக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். "மத்ததெல்லாம் ஆபீஸ் பாஷை அக்கா, எல்லாத் தாள்லயும் இருக்கும்" என்றேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது. ஆறு பேரும் என் பேனாவை வாங்கி ஒப்புப் போட்டார்கள். அம்மா கடைசியாகப் போட்டாள். மேலே ஒரு சொட்டு விழுந்தது, தாளை என் நோட்டால் மறைத்துப் பிடித்தேன். ரைட்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நகல் கொடுத்தார். எங்கள் நகல் என் புத்தகப் பைக்குள் வந்தது.

இனி சொற்களை வெட்டக் கற்றதைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்குப் பள்ளியில் ஒரு தடித்த அகராதி கொடுத்திருந்தார்கள், இங்கிலீஷுக்குத் தமிழ் அர்த்தம் போட்டது. அதில் பெரிய சொற்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். ரொம்ப நாள் அதை ஈ எச்சம் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தை நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். போன மாதம் தமிழ்ப் பாடத்தில் 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற சொல்லை வாசித்துவிட்டு நின்றேன். எவ்வளவு நீளம், ஆனால் எனக்குப் பயமே வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். எழுதி, கொண்டு, இருந்தவர், கள், உக்கு, ஆக, உம். நான் அதை ஒரு சொல்லாகப் பார்க்கவே இல்லை, ஏழு துண்டாகப் பார்த்திருக்கிறேன். துண்டுகளை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அப்போதுதான் அகராதியின் புள்ளிகள் ஞாபகம் வந்தன. இங்கிலீஷ்காரர்களும் துண்டுதான் போடுகிறார்கள். எங்கே வெட்டுவது என்று காட்டத்தான் அந்தப் புள்ளி.

அதிலிருந்து பென்சிலால் கோடு போட்டு வெட்டத் தொடங்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை, புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்த சில விஷயங்கள் உண்டு. உனக்கு அவை சின்னப் பிள்ளை விஷயமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஓர் உயிர் ஓசை இருந்தே ஆக வேண்டும். உயிர் இல்லாத துண்டு தனியாக நிற்காது, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் வெட்டலாம். ரப்-பர், பென்-சில், வின்-டோ. பிறகு தலையில் ஒட்டும் துண்டுகள் உண்டு, வாலில் ஒட்டுபவை உண்டு. அன் என்று தலையில் வந்தால் இல்லை என்று அர்த்தம், ரி என்றால் திரும்பவும். வாலில் ஷன் என்றோ மென்ட் என்றோ வந்தால் அது ஒரு செயலின் பெயர். ஏபிள் என்றால் முடியும், தகும். தலையையும் வாலையும் எடுத்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது அநேகமாக எனக்குத் தெரிந்த சின்னச் சொல்லாக இருக்கும். எப்போதும் அப்படி இல்லை. மாமாவைக் கூப்பிடும் அங்கிள் என்ற சொல்லும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது ஒன்றுக்கும் உதவாது. தலை மாதிரித் தெரிவதெல்லாம் தலை அல்ல. வெட்டிப் பார்த்து, மிஞ்சியது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் பாட்டனி வகுப்பில் என் இருமல் குறைந்தது. ஜின்சி தன் கஷாயம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. பகிர வேண்டுமானால் முன்பு வாசிக்கத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை புத்தகப் பையைத் துடைக்கும்போது அந்த நகல் கிடைத்தது. ஒரு விளையாட்டுக்குத்தான் பென்சிலை எடுத்தேன். வெட்டுவதற்கு நல்ல நீளச் சொற்கள் இருக்கும் என்று ஞாபகம். முதல் சொல், அன்-இன்-ஹேபி-டபிள். தலையில் அன், வாலில் ஏபிள். நடுவில் மிஞ்சியதை அகராதியில் பார்த்தேன், குடியிருத்தல். மூன்றையும் சேர்த்தேன். குடியிருக்கத் தகாதது. நான் குடியிருக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்து அதை வாசித்தேன். அம்மா அப்போது தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சொல், ரி-லின்-க்விஷ்-மென்ட். விட்டுக்கொடுத்தல். பிறகு வாக்கியம் முழுவதையும் கோர்த்தேன். இந்த லயம் குடியிருக்கத் தகாதது, ரிப்பேர் செய்ய இயலாது. கீழே ஒப்பிட்ட நான் இந்த வீட்டைச் சொந்த விருப்பத்தோடு விட்டுக்கொடுக்கிறேன். வேறு டிவிஷனில் வீடு காலியாகும்போது, காலியானால், அங்கே போகச் சம்மதிக்கிறேன். நான் இரண்டு முறை பார்த்த ரிப்பேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்ற நீண்ட சொல்லுக்கு இயலாது என்று அர்த்தம். காலியானால் என்றால் ஆகாமலும் போகலாம். ஆறு வீட்டுக்காரர்களும் ஆறு மூலைக்குப் போகலாம். தாளின் தேதியை எண்ணிப் பார்த்தேன். முப்பதாவது நாள் வரும் வெள்ளிக்கிழமை. இன்று புதன்கிழமை இரவு.

திங்கட்கிழமை காலை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டே, "கூர மாறட்டும், அந்த மூலையில ஒனக்கு ஒரு மேச போடலாம். நனையாம படிக்கலாம்" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தேன். கொட்டகையில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அந்த ஒப்புப் போட்ட தாள் இருக்குல்ல" என்று தொடங்கினேன். "போட்டாச்சுல்லா? நீ வாசிச்சா சரியாத்தான் இருக்கும் தாயி. பாகு எறக்கப் போறாங்க, வைக்கேன்" என்று வைத்துவிட்டார். இன்று சாயங்காலம் பேச்சியம்மா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். அத்தை அடுப்புக்கு மேலே ஒரு சட்டியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுகிற தண்ணீரை அதில் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நாளு, அப்புறம் இந்தச் சட்டிக்கு விடுதல" என்றாள். நான் தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்கு உண்மையைச் சொல்கிறேன். அடிக்குப் பயமில்லை, அம்மா அடிக்க மாட்டாள். மூன்று வருடம் நான் வாசித்துச் சொன்ன எல்லாத் தாளையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பார்கள். அதில் எது நிஜம் என்று கேட்பார்கள். எனக்கே தெரியாது. நாளையோ நாளை மறுநாளோ நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆபீசிலிருந்து ஆள் வரும்போது, அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று லயமே ஆபீசைத் திட்டும். நானும் சேர்ந்து திட்டலாம். இந்த யோசனை எனக்கு வந்தது, மகனே. ஞாயிறும் திங்களும் செவ்வாயும் வந்தது. உன் அம்மா அப்படியும் யோசித்தவள் என்று தெரிந்துகொள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. ஆறு வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எழுப்பிப் பேச எனக்கு ஒருவர்கூட இல்லை. போனில் சார்ஜ் குறைகிறது. நிறுத்துகிறேன்.

மகனே, இரண்டு வாரம் ஆகிவிட்டது. மீதியை எழுதுகிறேன்.

அன்று விடியற்காலையில் அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்தாள். நான் தூங்கவே இல்லை. குடத்தை எடுக்கக் குனிந்தவளிடம், முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்பதால், முதுகைப் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இருமலைக்கூட. அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறு வீடுட்டி" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவள் வெளியே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் எங்கள் வீட்டுக்குள் நின்றார்கள். மஸ்டரில் வேலைக்குப் பேர் கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அப்போ அன்னைக்கு என்னத்தட்டி வாசிச்ச?" என்றாள் பேச்சியம்மா அத்தை.

"சின்னச் சின்ன வார்த்தைய மட்டும், அத்தை."

"பெருச?"

"முழுங்கிட்டேன்."

"வார்த்தையவா முழுங்குன? எங்க வீட்ட முழுங்கிட்டல்லா."

"படிச்ச பிள்ளையாம்" என்றாள் மாரியக்கா. அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "அன்னைக்கே கேட்டேன், வேற ஒண்ணும் இல்லயான்னு. ஆபீஸ் பாஷையாம்."

அம்மா என் கையில் தாளைக் கொடுத்தாள். "வாசி. ஒண்ணு விடாம வாசி."

வாசித்தேன். ஒவ்வொரு நீண்ட சொல்லிலும் நின்று, வெட்டி, ஒட்டி, தமிழில் சொல்லி, பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போனேன். ரொம்ப நேரம் எடுத்தது. ஓரிடத்தில் நாட்-வித்-ஸ்டாண்டிங் என்று ஒரு சொல். மூன்று துண்டும் எனக்குத் தெரிந்தவை. இல்லை, கூட, நிற்பது. சேர்த்தால் ஒன்றும் வரவில்லை. துண்டுகள் எல்லாம் தெரிந்தும் சொல் தெரியாமல் போகலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய வழக்கப்படி நாக்கு அதைத் தாண்டப் பார்த்தது.

"இது எனக்குத் தெரியல" என்றேன்.

அகராதியில் தேடினேன், இருந்தபோதிலும் என்று போட்டிருந்தது. முழுவதும் வாசித்து முடித்த பிறகு ஆறு பேரும் பேசினார்கள். மழைக்கு ஒழுகினாலும் சேர்ந்து இருப்பது என்று முடிவானது. மாரியக்கா கடைசியாக ஒத்துக்கொண்டாள். நான் ஆறு தாளில் தமிழில் எழுதினேன், முன்பு கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், கூரையை மாற்றித் தர வேண்டும் என்று. இந்த முறை ஒவ்வொருவரும் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். என் சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவசரமாக இருந்தும் வாசித்தார்கள். அத்தை 'சம்மதத்தை' என்ற சொல்லில் விரலை வைத்து மூன்று முறை ஓட்டினாள். ரைட்டர் ஆறையும் வாங்கி முத்திரை குத்தி, பழைய தாள்களைத் திருப்பிக் கொடுத்தாராம். "வீடு இருக்கும். கூரைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றாராம். அம்மா வந்து சொன்னாள்.

கூரை அப்படியே இருக்கிறது. வீடும் இருக்கிறது. அப்பா வந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னை ஒன்றும் கேட்காமல் ஏணி போட்டு ஏறி, எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் மேலே தார்ப்பாய் கட்டிவிட்டுப் போனார். போகும்போது மட்டும், "எங்கிட்ட போன்ல சொல்ல வந்தது இதுதானா தாயி?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நான் வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் தாள் கொண்டுவரவில்லை. வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தால் பேச்சு கொஞ்சம் இறங்கிவிடும். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்பார்கள். ஆனால் பஞ்சாயத்துத் தாள் ஒன்று வந்தபோது, மாரியக்கா அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு என் முன்னாலேயே நடந்து போனாள், கீழே கடைக்கு. கடைக்காரருக்கு மலையாளமும் இங்கிலீஷும் தெரியும். எனக்கு இப்போதுதான் உண்மையாகவே வாசிக்க வருகிறது, வாசிக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு ஒருநாள் இப்படி நேர்ந்தால் அவசரப்பட்டு அவர்கள் முன் போய் நிற்காதே. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் ஜின்சியிடம் மட்டும் போய் இருமலைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கஷாயம்?" என்றாள். "கசப்பா இருந்துச்சு" என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினாள்.

இன்று சாயங்காலம் பேச்சியம்மா அத்தை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஆஸ்பத்திரித் தாள். தோள்பட்டை வலிக்குப் படம் எடுத்த ரிப்போர்ட்.

"கடைக்காரர்ட்ட காட்டுனேன்" என்றாள். "மடமடன்னு வாசிச்சாரு. ஒண்ணுமில்ல, தேய்மானம், எல்லாருக்கும் வாரதுதான்னாரு. இம்புட்டு எழுதியிருக்கான், அவரு ரெண்டு வரியில சொல்லுதாரு."

நான் தாளை வாங்கக் கை நீட்டவில்லை.

"அவரு எதையும் முழுங்குனாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீன்னா தெரியலன்னு சொல்லுவ." தாளைப் படியில் வைத்தாள். "வாசி. தெரியாத எடத்துல நில்லு."

எடுத்து வாசித்தேன். முதல் வரியில் நான்காவது சொல்லில் நின்றேன். பென்சிலால் வெட்டினேன், ஐந்து துண்டு வந்தது. ஒவ்வொன்றையும் உச்சரிக்க முடிந்தது. அகராதியில் அந்தச் சொல்லே இல்லை.

"இது எனக்குத் தெரியல, அத்தை."

"சரி. அப்படி எத்தன இருக்கு?"

கடைசி வரை பார்த்தேன். "மூணு."

"அப்போ நாளைக்கு டாக்டர்ட்டயே கேட்டுருவோம். நீயும் வா. நான் கேட்டா அந்த ஆளு மடமடன்னு சொல்லிட்டுப் போயிருவான்." அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவளுக்கு நாளைக்கு ஸ்கூலு லீவு" என்று அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் கேட்காமலேயே.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். அந்த மூன்று சொற்களையும் ஒரு தாளில் பெரிதாக, துண்டு துண்டாக எழுதியிருக்கிறேன், டாக்டரிடம் நீட்டுவதற்கு. முதல் பஸ் ஆறரைக்கு.

உன் அம்மா.